கூப்பர் பிளாக்: தடித்த எழுத்தின் கனிவு

நீண்ட வாசிப்புக்காக அன்றி, தலைப்பிலும் விளம்பரத்திலும் தொலைவிலிருந்தே கண்ணை ஈர்ப்பதற்கென வரையப்படும் காட்சி எழுத்துருக்களுள், சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைக்க, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்னும் அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்ட கூப்பர் பிளாக் தனி இடம் பெறுகிறது. இலத்தீன் எழுத்துகளின் கோட்டு முனைகளில் அமையும் சிறு நீட்சிகளாகிய செரிஃப்கள் பிற எழுத்துருக்கள் பலவற்றில் கூராகவோ தட்டையாகவோ முடிய, இதில் அவை உருண்டு திரண்டு தண்டோடு கலந்துவிடுகின்றன. வட்டமான ‘ஓ’ எழுத்தை உற்று நோக்கினால், அதன் நடுவே மிஞ்சும் வெற்றிடமாகிய உள்வெளி மிகச் சிறிதாய், இடப்புறம் சாய்ந்து நிற்பது புலப்படும். அவ்வளவு கனத்த எழுத்துக்கு அசைவையும் குறும்பையும் தருவது பெரிதும் இச்சாய்வே எனலாம். அடிப்பகுதிகள் வளைந்திருப்பதால், எழுத்துகளை வரிசைப்படுத்துகையில் நேரும் சிறு பிசகும் எளிதில் கண்ணில் படுவதில்லை. பீச் பாய்ஸ் குழுவினர் 1966இல் வெளியிட்ட ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டின் உறையில் இவ்வெழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்க, பிற்காலத்தில் ஈஸிஜெட் விமானங்களின் செம்மஞ்சள் நிறத்தோடும் அவை இயல்பாகப் பொருந்தின. நெருக்கி அடுக்கும்போதே இதன் அழகு முழுமையாக வெளிப்படும். சிறிய அளவில் பத்தி பத்தியாக அச்சிட்டாலோ, உள்வெளிகள் அடைபட்டு வாசகரை வருத்தும்.