செல்லப்பெயரும் இனிஷியலும்



ஒரே வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் இனிஷியல் போட்டுத்தானே கூப்பிடுவேன்? சி மொழியிலும் அதே சிக்கல்தான். அதில் நேம்ஸ்பேஸ் கிடையாது. சர்வரின் மாட்யூல்களும் அவை இழுத்துவரும் லைப்ரரிகளும் ஒரே ப்ராசஸுக்குள் குடியிருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் வந்தால், லிங்கர் சில சமயம் வாயே திறக்காமல் தப்பான ஆளோடு கோத்துவிடும். அப்புறம் சர்வர் நடுராத்திரியில்தான் விழும்!

அப்பாச்சியில் நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனுக்கு முதலில் வெறும் 'பிஅலாக்' என்றுதான் பெயர். 1998-இல் வந்த 1.3 பதிப்பில் இந்த மோதலைத் தவிர்க்கவே அது 'ஏபி_பிஅலாக்' ஆனது. 2.0-இல் 'ஏபிஆர்_பிஅலாக்'. 'ஏபி_' சர்வருடைய இனிஷியல். அதை நீங்கள் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் மாட்யூலின் பெயரையே முன்னால் வையுங்கள்.

நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் புலம்பினாள். அவள் எழுதிய மாட்யூலில் அறுபது ஃபங்ஷனுக்கும் முன்னொட்டு சேர்க்கச் சொல்லிவிட்டார்களாம். "வெறும் டைப்பிங் வேலை சார்!" வெளியிலிருந்து கூப்பிடுவது எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஏழுதான். மற்றதற்கெல்லாம் 'ஸ்டேடிக்' போட்டால் போதும். அந்தக் கோப்பைத் தாண்டாத பெயர், வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர் மாதிரி. எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம்.