காற்று திரும்பும் வரை

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், 'லெபு பந்தாய்' என்னும் பழைய வணிகத் தெருவிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் பிரியும் சிறு தெருக்களின் பெயர்ப்பலகைகளில், தெருப்பெயருக்கு முன்னால் 'காட்' என்றொரு குறுஞ்சொல் நிற்பதைக் காணலாம். காட் லெபு சூலியா, காட் லெபு பாசார், காட் லெபு ஆர்மேனியன் என வரும் இப்பெயர்களில் 'லெபு' என்பது மலாய்மொழியில் தெருவைக் குறிப்பது. 'பந்தாய்' என்றால் கடற்கரை. 'காட்' மட்டும் மலாய்ச் சொல் அன்று. காசியில் கங்கைக்கு இறங்கும் படிகளுக்கு வழங்கும் அதே வட இந்தியச் சொல்தான் ஆங்கிலேயரோடு கடல் கடந்து வந்து இங்கே தங்கியிருக்கிறது. தமிழர் துறை என்றும் படித்துறை என்றும் சொல்வது அதுவே.

ஆனால் இத்துறைகளில் இன்று படியும் இல்லை, நீரும் இல்லை. லெபு பந்தாய் பெயருக்கேற்பக் கடற்கரையாகவே இருந்த காலத்தில், அதன் கீழ்ப்புறக் கடைகளின் பின்வாசல் வரை அலை வந்தது. ஒவ்வொரு குறுக்குத் தெருவும் கடலில் முடியும் இடத்தில் சரக்குப் படகுகள் ஒதுங்கும் துறையொன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது, ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயரால் வெல்ட் கீ என்ற புதிய கரைச்சாலை எழுந்தது; தெருக்கள் அதுவரை நீண்டன, துறைகள் கிழக்கே நகர்ந்தன, பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஒரு துறைமுக நகரத்தை அறிய விரும்புவோர், அதன் கோட்டையையும் கோபுரத்தையும் தேடுவதற்கு முன்னால், பழைய கரை எங்கே ஓடியது என்று கேட்பது நல்லது. அந்த ஊரில் யார் முதலில் இறங்கினார்கள், எங்கே தலைசாய்த்தார்கள் என்ற செய்திகள் எல்லாம் அந்தப் பழைய கரைக்கோட்டை ஒட்டியே கிடக்கின்றன.

இக்காலத்து உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை, கார்ன்வாலிஸ் கோட்டைக்கு மிக அருகில் உள்ளது. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட வேண்டிய பயணிகள், விக்டோரியா அரசியின் அறுபது ஆண்டு ஆட்சியைக் குறிக்க அறுபதடி உயரத்தில் எழுப்பப்பட்ட மணிக்கூண்டையும், லெபு ஆர்மேனியனில் 2012-இல் சுவரில் தீட்டப்பட்ட மிதிவண்டிக் குழந்தைகளையும் பார்த்து, வியர்த்து, திரும்பிவிடுகின்றனர். அவர்களைக் குறைசொல்ல இயலாது. கப்பலின் கடிகாரம் அவ்வளவுதான் தருகிறது. ஆனால் பயணம் முடிந்தபின் கப்பலோடு திரும்பாமல் இந்நகரில் நான்கைந்து நாள் தம் விருப்பப்படி தங்கத் திட்டமிடுவோர் செய்வது புதிய காலத்துப் பழக்கம் போலத் தோன்றினாலும், இந்நகரத்தின் மிகப் பழைய வழக்கமே அதுதான்.

பாய்மரக் காலத்தில் வங்கக்கடலைக் கடந்தவர்களுக்குப் பயண நாளைக் குறித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துச் சோழமண்டலக் கரையிலிருந்து, அதாவது நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை முதலான துறைகளிலிருந்து, கிழக்கே வந்த மரக்கலம் வடகிழக்குக் காற்று எழும் வரை ஊர் திரும்ப முடியாது. இடைப்பட்ட மாதங்களில் சரக்கை விற்று, புதுச்சரக்கை வாங்கி, கப்பலைச் செப்பனிட்டு, உண்டு உறங்கிக் காத்திருக்க ஓர் ஊர் தேவைப்பட்டது. நெடுங்காலம் அந்த ஊர் எதிர்க்கரையிலுள்ள கெடாவாக இருந்தது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் இடப்பெயருக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை எழுதியதும், 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை சென்றதும் அந்தக் கரையை நோக்கியே. 1786-இல் கெடா சுல்தானிடமிருந்து தீவைப் பெற்றுப் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றியபோது, காத்திருப்பவர்களின் கூட்டம் நீரிணையைக் கடந்து இக்கரைக்கு மாறியது.

லைட் 1794-இல் தம் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. வரலாற்று நூல்கள் அதை மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக் கையாண்டுவிட்டுக் கடந்துவிடும். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கலங்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன என்றும், அவர்கள் வணிகமும் பலவகைக் கூலிவேலையும் செய்து சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்களுடைய இடத்துக்கு வேறு சிலர் வந்துவிடுகின்றனர் என்றும் அவ்வரி சொல்கிறது. நிலையாகக் குடியேறியவர்களைப் பற்றி எழுதும் ஆட்சியாளரின் கண்ணில், வந்துபோகிறவர்கள் கணக்குக்குள் அடங்காத ஒரு கூட்டமாகப் பட்டிருக்கலாம். ஆயினும் அந்த இரண்டாயிரம் பேரும் எங்கேயோ படுத்திருந்தார்கள். எவரிடமோ சோறு வாங்கித் தின்றார்கள். காய்ச்சல் கண்டபோது யாரோ கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் வெள்ளிக்காசை மடியில் முடிந்துகொண்டு, காற்று எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே பாயில் வேறொருவர் படுத்திருப்பார். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் ஏட்டில் இல்லை. ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் வந்தவர் தங்குவதற்கென்று எழுந்த கட்டடங்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

சூலியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரையே லெபு சூலியா தாங்கி நிற்கிறது. அவர்களுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டுக் கப்பித்தான் என்ற பட்டம் பெற்ற காதர் முகைதீன் 1801-இல் கட்டிய பள்ளிவாசல், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று இன்றும் வழங்குகிறது. அதன் விரிந்த குவிமாடத்தைப் படமெடுப்போர் பலர். லெபு சூலியாவில் லெபு கிங் வந்து சேரும் முனையில் உள்ள நாகூர் தர்காவை நின்று பார்ப்போர் சிலரே. இறைநேசர் சாகுல் ஹமீது அடக்கமாகியிருப்பது தமிழகத்து நாகூரில். இங்கிருப்பது அவர் நினைவாகக் கடலோடிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய சிறு கட்டடம். சிங்கப்பூரிலும் இதற்கோர் இணை உண்டு.

கப்பலோட்டிகள் இவரை ஏன் இவ்வளவு நம்பினர் என்பதற்கு நாகூர்ப் பக்கத்தில் வழங்கும் ஒரு கதை போதும். அவருக்கு முடிதிருத்தப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கும் கப்பலொன்றிலிருந்து எழுந்த வேண்டுதல் அவர் காதில் விழ, கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் வீசியெறிந்தார் என்றும், அது பறந்து சென்று அந்த ஓட்டையில் ஒட்டிக்கொண்டு கப்பலைக் காத்தது என்றும் சொல்வர். முடிதிருத்துபவரின் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான் இருந்திருக்கும். மரக்கலத்தில் வாழ்ந்தவருக்குத் தெரியும், கப்பலை மூழ்கடிக்கும் ஓட்டையும் பல வேளைகளில் அவ்வளவுதான் என்று. அளவறிந்த ஒருவர் சொல்லத் தொடங்கிய கதையாகவே இது தோன்றுகிறது. கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி ஊர்வலம் வரும்போது, கப்பல் வடிவில் செய்த தேர்கள் தெருவில் மிதந்து வருவதைக் கண்டவர்க்கு, பினாங்குத் தர்கா எந்தக் கையால் கட்டப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும். அந்த இறைநேசரின் அற்புதங்களைக் 'கன்ஜுல் கறாமாத்து' என்னும் நூலாகத் தந்த குலாம் காதிறு நாவலரும் பினாங்கில் சில காலம் இருந்து 'வித்தியா விசாரிணி' என்ற இதழை நடத்தியவர். கதையும் கட்டடமும் நூலும் ஒரே கடல்வழியில் வந்து போயிருக்கின்றன.

சில தெருக்கள் தள்ளி லெபு பினாங்கில் நகரத்தார் வேறொரு வகையாகத் தங்கினர். செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழில் பார்க்க வந்த முகவர்கள் வழக்கமாக மூன்றாண்டுக் கணக்குக்கு அனுப்பப்பட்டனர். மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவந்த அவர்கள், கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில், ஆளுக்கொரு பெட்டியும் சாய்வுமேசையுமாகப் பகலில் வரவு செலவு பார்த்து, இரவில் அந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்தனர். கிட்டங்கி என்ற சொல் கிடங்கோடும், மலாயரின் 'குடாங்'கோடும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பது. மலாய்மொழியில் கப்பல் 'காப்பால்' என்றும் கடை 'கெடாய்' என்றும் இன்றும் வழங்குவதைக் கேட்கும் தமிழ்ப் பயணிக்கு, விருந்தாளியாகப் போன வீட்டில் தன் பாட்டியின் பாத்திரத்தைக் கண்டது போலிருக்கும். இதே தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முதல்நாள் காலையில், 1894-இல் கடல்வழி கொண்டுவரப்பட்ட வெள்ளி ரதம் முருகனை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. வழிநெடுக மலைபோல் குவித்த தேங்காய்களைச் சீனரும் தமிழரும் சேர்ந்து உடைக்கின்றனர். தை மாதத்தில் வர முடிந்தவர்கள் அந்த ஒரு காலைக்காகவே பயணத்தை அமைத்துக்கொள்வது தகும்.

பிற்காலத்தில் நீராவிக் கப்பல்கள் காற்றின் ஆட்சியை முடித்தன. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. மேல்தளத்தில் பாயும் தலையணையும் விரித்து ஒரு வாரம் போல் கிடந்து வந்தவர்கள் இன்னும் தமிழ்க் குடும்பங்களில் நினைவுகூரப்படுகின்றனர். அதே நீரிணையில் இன்று மிதக்கும் மாளிகைகள் வருகின்றன. இவற்றுள் பல சிங்கப்பூரிலோ கிள்ளான் துறைமுகத்திலோ பயணத்தை முடிப்பதால், பினாங்கில் தங்க எண்ணுவோர் பெரும்பாலும் அங்கிருந்து வடக்கே திரும்பி வரவேண்டியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் மின்ரயில் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுசேர்க்கும். அங்கிருந்து 1985-இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே காரில் தீவுக்குள் நுழைவது எளிது. ஆனாலும் பெட்டி படுக்கையோடு பயணிப் படகில் ஏறுவதே முறை. கடலைப் பார்த்துக் கட்டிய நகரத்துக்குள் பின்புறமாக நுழைவது, திண்ணையில் காத்திருப்பவரைக் கடந்து கொல்லை வழியாக வீட்டுக்குள் போவது போன்றது.

தங்குமிடத்தைப் பழைய கரைக்கோட்டுக்கு அருகிலேயே, லெபு சூலியாவையோ லெபு பாசாரையோ ஒட்டித் தேர்ந்தால், பெரும்பாலான நேரம் கால்நடையே போதுமானது. காலை பத்து மணிக்குப் பின் வெயில் கொடியது. ஆனால் கடைவீடுகளின் முன்னால் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி என்னும் கூரை போட்ட நடைவழி தொடர்ந்து செல்கிறது. 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோவில் உள்ள லெபு குயினிலிருந்து தர்கா வரை பெரும்பாலும் நிழலிலேயே நடந்துவிடலாம். நாட்களைக் காட்சிகளால் நிரப்பாமல் ஒரே தெருவுக்கு இரண்டு காலையும் ஒரு மாலையும் கொடுப்பவருக்கே அது வாய் திறக்கும். 1923-இல் ரயில் ஏறத் தொடங்கிய பினாங்கு மலைக்கும் தண்ணீர்மலைக்கும் சேர்த்து ஒரு முழுநாள் ஒதுக்கினால் போதும்.

சோற்றைப் பற்றிச் சொல்லாமல் விடுவது இந்நகருக்குச் செய்யும் குற்றமாகும். நாசி கண்டாரில் 'நாசி' சோறு. 'கண்டார்' தோளில் சுமக்கும் காவுதடி. தடியின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்குக் காலையிலேயே விற்றுச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் வழிவந்த உணவு அது. மீன்குழம்பு, கோழிக்குழம்பு, பருப்பு எனப் பல குழம்புகளைச் சோறு மூழ்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்வதற்கு 'பஞ்சிர்' என்று பெயர். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள். பரிமாறுபவர் கரண்டியின் விளிம்பால் சோற்றைச் சற்றே தட்டிக் குழியாக்கி, அக்குழி நிரம்பியபின் இன்னொரு குழம்புக்குக் கையை நீட்டுவார்; வெவ்வேறு பானைகளில் கொதித்தவை தட்டில் ஒன்றோடொன்று கலந்து, எது எதனுடையது என்று பிரித்தறிய முடியாத ஒரு செம்பழுப்பு நிறத்துக்கு வரும்.

புறப்படும் நாளில், லெபு சூலியாவின் ஐந்தடியிலிருந்து இறங்கி, லெபு பந்தாயைக் குறுக்கே கடந்து, காட் லெபு சூலியா வழியாகப் பெட்டியை உருட்டிக்கொண்டே வெல்ட் கீயின் படகுத்துறைக்கு நடந்துவிடலாம். சில நிமிடத் தொலைவுதான். தெரு சமமாக இருக்கும், தார் சூடாக இருக்கும். சூலியரின் சரக்குப் படகுகள் அலையில் ஆடிக்கொண்டிருந்த நீர், அந்தத் தாருக்குக் கீழே தூர்ந்து கிடக்கிறது.