கோட்டைக் கோயிலில் பஸ் டிக்கெட்

கடத்தூரிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாணத்துக்குத் துணி எடுப்பது. கோட்டைக் கோயிலுக்கென்றே கிளம்புகிறவர்கள் குறைவுதான். வந்த வேலை சீக்கிரம் முடிந்து, திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால், "அந்தத் தொங்குற தூணைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று ஒரு எட்டு போவார்கள்.

கோட்டை என்றதும் மதில், அகழி என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். பேர்தான் கோட்டை. அங்கே இருப்பது கல்யாண காமாட்சியும் மல்லிகார்ஜுனரும் குடியிருக்கும் சிவன் கோயில். பக்கத்திலேயே பரவாசுதேவப் பெருமாள் கோயில். தஞ்சாவூரையும் மதுரையையும் பார்த்த கண்ணுக்கு ரொம்பச் சின்னதாகத் தெரியும்.

வருகிறவர்கள் நேராகத் தூணிடம் போவார்கள். அதன் அடிப்பாகம் தரையில் படாது. சட்டைப்பையில் இருக்கும் பஸ் டிக்கெட்டை எடுத்து இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்குவார்கள். கூட வந்த பிள்ளைகள் "எனக்கு, எனக்கு" என்று குனிவார்கள். மந்திரமெல்லாம் இல்லை. மேலே ஓடும் உத்திரங்களும் சுற்றியுள்ள மற்ற தூண்களும் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் ஆயிரத்து நூறு வருஷமாக ஒரு கூரை இப்படி நிற்பது லேசான விஷயம் இல்லை. டிக்கெட் வெளியே வந்ததும் பலருக்குக் கோயில் பார்த்து முடிந்துவிடும். அங்கேதான் தப்பு நடக்கிறது.

இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் பெரும்பாலும் "சோழர்" என்று பதில் வரும். இல்லாவிட்டால் "அதியமான்". ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் கோயில் அவன் காலத்துக்கு வெகு பின்னால், 9ஆம் நூற்றாண்டு வாக்கில், நுளம்பர்கள் ஆண்டபோது எழுந்தது. நுளம்பர் என்று ஒரு வம்சம் இருந்ததே பலருக்குத் தெரியாது. இப்போது ஆந்திராவில் இருக்கும் ஹேமாவதிதான் அவர்கள் தலைநகரம். தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். கன்னடத்தில் கல்வெட்டு வெட்டியவர்கள். தமிழ்நாட்டு வரலாற்றில் சேர, சோழ, பாண்டிய, பல்லவர்களுக்குப் போக மிச்சம் இருக்கும் பக்கத்தில் இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் நுளம்பபாடி இவர்களுடைய நாடுதான். அதாவது தோற்றவர்கள் பட்டியலில் வருகிறார்கள். சோழர்கள் நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, தூண்களையும் கொண்டுபோனார்கள். திருவையாறு ஐயாறப்பர் கோயிலில் வழவழவென்று, நுணுக்கமான வேலைப்பாட்டோடு நிற்கும் நுளம்பத் தூண்களை இன்றும் பார்க்கலாம். ஜெயித்தவனே ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கல்வேலை தெரிந்தவர்கள்!

அந்தக் கைவேலையைத் தருமபுரியில் பார்க்கக் கழுத்து வலிக்க வேண்டும். மண்டப விதானத்தில் எட்டுத் திசைக் காவலர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் அரளகுப்பே கல்லேஸ்வரர் கோயிலில் இதே மாதிரி ஒரு நுளம்ப விதானம் இருக்கிறது, நடுவில் ஆடும் சிவன், சுற்றிலும் எட்டுப் பேர். அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இங்கே அண்ணாந்து பார்க்க ஆள் இல்லை. காமாட்சியம்மன் சன்னதிக்குப் படியேற வேண்டும். அதன் அடிப்பீடத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு நேர் எதிர் வேலை, உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிரகாரம் சுற்றுகிறவர்களின் முழங்கால் உயரத்தில் ராமனும் அனுமனும் போய்க்கொண்டிருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை.

இதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலம். நிதியண்ணன், சண்டியண்ணன் என்று வணிகர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தகடூரில் ஒரு சமணக் கோயில் கட்டுகிறார்கள். மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்ற ஊரைப் பெற்ற நிதியண்ணன், அதைக் கனகசேன சித்தாந்த படாரர் என்ற துறவியிடம் ஒப்படைக்கிறான். கோயிலைப் பழுது பார்க்க, பூசை நடத்த. ஒரு தூணில் இதையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எதற்காக, வருமானம் எங்கிருந்து... இன்றைக்கு ஒரு டிரஸ்ட் பத்திரத்தில் என்னென்ன கேட்பார்களோ அத்தனையும் அதில் இருக்கிறது. கட்டிவிட்டுப் போய்விடாமல், பின்னால் ஒழுகும் கூரைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் வியாபாரி புத்தி!

அந்தச் சமணக் கோயில் இன்று இல்லை. பழுது பார்க்க எழுதி வைத்த ஊரின் வருமானமும் அதைக் காப்பாற்றவில்லை. கணக்கு மட்டும் கல்லில் நின்றுவிட்டது. கோட்டைக் கோயிலிலோ இன்றும் விளக்கு எரிகிறது, அம்மனுக்குப் பூ வாங்கிக்கொண்டு பெண்கள் படியேறுகிறார்கள்.

சாயங்காலம் ஆகிவிட்டால் விதானத்தில் ஒன்றும் தெரியாது. போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவது நல்லது. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் நிழல் விழுந்து முகமெல்லாம் மாறிப்போகும். காலையில் கலெக்டர் ஆபீஸில் டோக்கன் வாங்கிவிட்டு, கூப்பிடுவதற்குள் ஒரு நடை போய் வந்தால் சரியாக இருக்கும்.