160ஆம் இடத்துப் பிழைப்பு

டென்னிஸ் வீராங்கனை அங்கிதா ரெய்னாவின் உச்சபட்ச ஒற்றையர் தரவரிசை 160. அகமதாபாத்தில் பிறந்து புனேயில் பயிற்சி எடுத்தவர். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். ரெண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிட்டோம்.

ஏறக்குறைய முதல் நூறுக்குள் இருந்தால் கிராண்ட்ஸ்லாமில் நேரடி இடம். அதற்குக் கீழே என்றால் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். 2021 ஆஸ்திரேலிய ஓபனுக்கான தகுதிச் சுற்று, கொரோனா புண்ணியத்தில், துபாயில் நடந்தது. இரண்டை ஜெயித்து மூன்றாவதில் தோற்றார் அங்கிதா. ஆனாலும் மெல்பர்னுக்குப் போனார். அங்கே 14 நாள் தனிமை. பிரதான சுற்றில் யாராவது விலகினால் அந்த இடம் கிடைக்கலாம் என்பதற்காக இவ்வளவும். அடுத்தவருக்குக் கணுக்கால் சுளுக்கினால்தான் நமக்கு வேலை என்றால், என்ன மாதிரிப் பிழைப்பு இது!

ஒற்றையரில் இடம் கிடைக்கவில்லை. இரட்டையரில் முதல் சுற்றோடு சரி. ஆனால் ஆஸ்திரேலிய ஓபன் நடந்த அதே மாதம் அதே ஊரில் நடந்த ஃபிலிப் ஐலண்ட் கோப்பையில், ரஷ்யாவின் கமிலா ராக்கிமோவாவோடு சேர்ந்து இரட்டையர் பட்டம்! அங்கிதாவின் முதல் டபிள்யூடிஏ பட்டம். இரட்டையர் வரிசையில் முதல் நூறுக்குள்ளும் வந்துவிட்டார்.

அந்த ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக். சானியா மிர்சாவோடு ஜோடி, எதிரே உக்ரைனின் கிச்செனோக் சகோதரிகள். முதல் செட் 6-0. இரண்டாவதில் 5-3, சர்வ் நம் கையில். அப்படியும் தோற்றார்கள். அன்று என் டைம்லைன் முழுக்க ஆறுதல் சானியாவுக்குத்தான். கூட ஆடிய அங்கிதாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக், சாமி.