மலையின் போர்வையை அளந்தோம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கடந்த காலாண்டு விடுமுறையில் என் மாமாவுடன் சேர்வராயன் மலைக்குச் சென்றேன். ஏற்காடு என்றதும் ஏரியும் படகும்தான் தோழியருக்கு நினைவுக்கு வரும். நான் அவற்றைப் பார்க்கவேயில்லை! மூன்று நாளும் ஒரு பழைய பாக்சைட் குழியின் ஓரத்தில், அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா மண் ஆய்வாளர். கைவிடப்பட்டுக் கிடக்கும் அந்த ஒரு ஏக்கர் குழியில் மறுபடியும் புல்லும் மரமும் வளரவேண்டுமானால் எவ்வளவு மண் வேண்டும், எவ்வளவு மண் கையில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது அவர் வேலை. மழைக் காலத்தில் குழியிலிருந்து செங்குழம்பாக நீர் வழிந்து, கீழே இருக்கும் ஊற்றில் கலந்துவிடுகிறது. ஊற்றை நம்பிப் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன.

சார்னோக்கைட் என்னும் கரும்பாறை வெயிலிலும் மழையிலும் பல இலட்சம் ஆண்டுகள் சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் கரைந்துபோக, எஞ்சி நிற்பதே பாக்சைட். ஆகவே அது மலையின் தலையில் தொப்பி போல் அமைந்திருக்கிறது. தொப்பியின் மேல் காட்டு மண் ஒரு மெல்லிய போர்வை. தாதுவை எடுக்குமுன் போர்வையை உருவவேண்டும். உருவியதைத் தனியே எடுத்து வைக்காமல் கல்லோடும் கழிவோடும் கலந்துவிட்டால், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மேல்மண்ணைத் தனியாக எடுத்துச் சேமித்து, நிலத்தைச் சீர்ப்படுத்தப் பயன்படுத்தவேண்டும் என்று நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டுக் கனிம விதிகள் சொல்லின.

முதல் நாள் நாங்கள் குழிக்குள் இறங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த, யாரும் தொடாத சரிவை அளந்தோம். "இதை எதற்கு மாமா அளக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "காணாமல் போனது எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்?" என்றார். இருபது தப்படிக்கு ஒரு முறை துளைக்கருவியைத் திருகி இறக்குவோம். மேட்டு முகட்டில் 10 செ.மீ. போவதற்குள் 'டங்' என்று கல் தட்டியது. மடிப்புப் பள்ளத்தில் 40 செ.மீ. வரை கருமண்! ஒரே சரிவுதான், நூறு தப்படிகூட இடைவெளி இல்லை. 'எங்கும் 20 செ.மீ. எடு' என்று இயந்திரக்காரரிடம் சொன்னால், முகட்டில் கல்லை அள்ளுவார். பள்ளத்தில் பாதி நல்ல மண்ணை விட்டுவிடுவார். மலையில் சராசரி உதவாது என்பதை அன்று கண்ணால் கண்டேன். கணக்குப் பாடத்தில் சராசரிக்கு முழு மதிப்பெண் உண்டு என்பது வேறு விஷயம்.

மண்ணின் நிறத்தைக்கூட மாமா வாயால் சொல்லமாட்டார். மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் வகுத்த முறைப்படி அச்சிட்ட வண்ணச் சில்லுகள் கொண்ட புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார். மண்ணை நனைத்து அதன் அருகில் பிடித்து, எண்ணைச் சொல்லுவார், நான் எழுதுவேன்.

இரண்டாம் நாள்தான் அதிசயம். குழியின் மூலையில் உண்ணிச்செடி மண்டிய ஒரு மேடு. அடிவாரத்து வீட்டு ஆயா வந்து, "அது கல்லு இல்ல தம்பி, மண்ணு. எங்க வூட்டுக்காரரும் கூட்டாளிங்களும் குவிச்சது. பள்ளத்துல தள்ளுன்னாங்க, இவங்கதான் மனசு வராம ஒதுக்கி வச்சாங்க" என்றார். மாமா ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்தார். மேலே ஓர் அடி ஆழம் வரை வேரும் மண்புழுவுமாக இருந்தது. உள்ளே போகப் போக ஒரு முடை நாற்றம். காற்றுப் புகாமல் உயரக் குவித்தால் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் நாளடைவில் அழிந்துபோகுமாம். அதனால்தான் தாழ்வாகக் குவித்து, மேலே எதையாவது விதைத்து, சீக்கிரம் திரும்பப் போடவேண்டும்.

நீளம் 30 மீட்டர், அகலம் 8, உயரம் 2. நம் புத்தகத்து முக்கோணப் பட்டகமேதான்! 240 கன மீட்டர். ஒரு ஏக்கர் குழியில் சீராகப் பரப்பினால் 6 செ.மீ. கூடத் தேறாது. 15 செ.மீ. போட்டால் ஐந்தில் இரண்டு பங்கு இடம்தான் மூடும். வேறு சரிவில் சுரண்டி வரலாமா என்றால், அது இன்னொரு குழி. மாமா இரவெல்லாம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிவிடலாம் என்றே முதலில் எழுதினார்.

மூன்றாம் நாள் காலை ஆயா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அம்புட்டு மெலிசாப் போட்டா ஒரு மழைக்குத் தாங்குமா? தண்ணி வழியறது அந்தக் கீழ்மூலையிலதான். அங்க கனமாப் போடு." மாமா சாய்வுமானியை வைத்துப் பார்த்தார். ஆயா சொன்ன மூலைக்குத்தான் குழியின் சாய்வு முழுவதும் இறங்கியது. வரைபடத்தை அழித்து மறுபடி வரைந்தார். கீழ்மூலையில் 15 செ.மீ.; மற்ற இடத்தில் குறுக்கே கல்வரப்பு, சாணம், சருகு, காட்டிலிருந்து சில கூடை உயிர்மண், அதில் புல். இதில் எவ்வளவு நிறைவேறும் என்பது பணம் ஒதுக்குபவர்கள் கையில் இருக்கிறது.

ஐப்பசி மழை நெருங்கிவிட்டதால் மண்ணை இப்போது பரப்ப முடியாது. தை வரை மேடு கரையாமல் இருக்கவேண்டும். ஆயா ஒரு படி கொள்ளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். உண்ணிச்செடியை வெட்டிவிட்டு, பஸ் வருவதற்குள் மேட்டின் பாதிக்குமேல் விதைத்துவிட்டோம்.