எந்த மொழியில் வாசிப்பது? எல்லையோர ஞாயிறு வகுப்பும் பதின்ம வயதினரும்

பதின்ம வயதினருக்கான ஞாயிறு வகுப்பைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது விளையாட்டுகளைத்தான். வினாடி வினா, மனப்பாட வசனப் போட்டி, செய்கைப் பாடல், குறும்படம் எனப் பட்டியல் நீளும். ஏழு வயதில் இவை போதும். பதினான்கு வயதில் போதா. தாவீதின் கவணையும் நோவாவின் பேழையையும் மீண்டும் அதே கேள்விகளோடு சந்திக்கும் மாணவர், விடை ஆசிரியரின் கையேட்டில் முன்பே அச்சாகியிருப்பதை அறிவார். திடப்படுத்தலோ உறுதிபூசுதலோ முடிந்தபின் பின்வரிசைகள் காலியாவதற்கு விளையாட்டுக் குறைவு காரணமன்று. பாடத்தில் உண்மையான கேள்வி ஒன்று இல்லாமையே காரணம்.

வேலந்தாவளம் போன்ற ஓர் ஊரில் அத்தகைய கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திற்குள் நுழையும் சாலையில், வாகனச் சோதனைச் சாவடியோடு நிற்கும் எல்லையூர் அது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், பள்ளியில் இவற்றுள் ஒன்று அல்லது ஆங்கிலம் என்பது இப்பகுதிப் பிள்ளைகளின் அன்றாடம். இடுக்கியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் நிலை ஏறத்தாழ இதுவே. 2017-இல் கேரளச் சட்டமன்றம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டத்தை இயற்றியது. தமிழ்வழிப் பள்ளிகள் இங்கே உண்டு. எனினும் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தமிழ்க் கிறித்தவப் பிள்ளைக்கு, தமிழ் எழுத்தை வாரந்தோறும் கண்ணால் காணும் இடம் ஞாயிறு வகுப்பு மட்டுமாக இருக்கக்கூடும். ஆகவே இவ்வகுப்பில் எந்த வேதாகமத்தைத் திறப்பது என்பது வெறும் ஏற்பாட்டுச் சிக்கலன்று.

திருச்சபைகளும் இந்த மொழியெல்லையை உணர்ந்தே இயங்குகின்றன. இப்பகுதியின் தமிழ் இலத்தீன் கத்தோலிக்கப் பங்குகள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 2013 டிசம்பரில் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து, பாலக்காட்டைத் தலைமையிடமாகக் கொண்ட சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. மாநில எல்லையும் மொழியெல்லையும் ஒன்றல்ல என்பதை இத்தகைய நிலப்பகுதியில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு பள்ளியின் வரலாறும் மொழியோடு பின்னியதுதான். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியது, வாரம் முழுதும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளி. வேல்ஸ் நாட்டில் தாமஸ் சார்லஸ் பரப்பிய ஞாயிறு பள்ளிகள் சிறுவர்க்கும் முதியவர்க்கும் வேல்ஸ் மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் பல அன்றாடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனை அடையாளமாக ஒரு மரத்துண்டு தொங்கவிடப்பட்டது. அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அம்மொழியிலேயே வேதம் வாசித்தது. வேல்ஸ் மொழி இன்றும் உயிரோடிருப்பதற்கான காரணங்களுள் ஞாயிறு பள்ளியும் ஒன்றென வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

இப்பின்புலத்தில், எல்லையூரின் பதின்ம வயதினருக்கு நான்கு வாரப் பாடம் ஒன்றை மொழியை மையமாக வைத்தே அமைக்கலாம்.

முதல் வாரத்திற்கு நெகேமியா 13. யூதாவின் ஆண்கள் பிற இனப் பெண்களை மணந்தனர்; பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத்தின் மொழி பேசினர், யூதாவின் மொழி அவர்களுக்கு வரவில்லை. நெகேமியா அத்தந்தையரைச் சபித்தார், சிலரை அடித்தார், மயிரைப் பிய்த்தார். இப்பகுதியை வாசித்தபின் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் அந்தப் பிள்ளைகள் எங்கே? அவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று நூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமிழில் திக்கி வாசித்ததற்காக உறவினரிடமும், மலையாளத்தில் தமிழ் வாடை வீசியதற்காகப் பள்ளியிலும் சிரிப்புக்கு ஆளான மாணவர் அந்த மௌனத்தை நிரப்ப வல்லவர். நெகேமியாவின் கோபத்திற்கும் நியாயம் உண்டு. அழிந்த நகரின் மதிலை எழுப்பியவர், தம் மக்களின் மொழியும் கரைவதைக் கண்டு அஞ்சினார். இரு தரப்பையும் மாணவர்களே வாதாடட்டும். தீர்ப்பு சொல்ல ஆசிரியர் விரைய வேண்டாம்.

இரண்டாம் வாரத்திற்கு நியாயாதிபதிகள் 12. யோர்தான் துறையைக் கடக்க வந்தவரிடம் கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். 'சிபோலேத்' என்றவர் எப்பிராயீமர் என்று கொல்லப்பட்டார். மாண்டவர் 42,000 பேர் என்கிறது நூல். தமிழ் நெடுங்கணக்கில் ஷகரம் இல்லை. பழைய மொழிபெயர்ப்பு இக்கதையைச் சொல்லக் கிரந்த எழுத்தைக் கடன்பெற வேண்டியிருந்தது. ஷகரத்தைச் சகரமாகவே ஒலிக்கும் தமிழர் அத்துறையில் தப்பியிருக்க மாட்டார். கொழும்பில் 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து, அதை 'வால்திய' என்றவரைத் தமிழர் என இனங்கண்டதாகப் பதிவுகள் உள்ளன. 2020-இல் பெருந்தொற்றின்போது அனுமதிச் சீட்டில்லாமல் சாவடியைக் கடக்க முடியாமற்போன நாட்களை இம்மாணவர்கள் நினைவில் வைத்திருப்பர். ஒருவர் இன்னாரென்று எதை வைத்து முடிவு செய்கிறோம், முடிவு செய்தபின் என்ன செய்கிறோம் என்பதே இவ்வார விவாதம். ஒரு கவனம் தேவை: வகுப்பில் ஒருவரையும் எழுப்பி நிறுத்தி 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லக் கூடாது. பாடம் கண்டிக்கும் செயலைப் பாடமே செய்துவிடும்.

மூன்றாம் வாரத்திற்கு மத்தேயு 26. முற்றத்தில் பேதுரு மறுதலிக்கும்போது அவரைக் காட்டிக்கொடுப்பது அவருடைய கலிலேயப் பேச்சு. இங்கே மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து வாசிக்கச் செய்யலாம். 1871-இல் முழுமையடைந்து சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இயேசு 'என்றார்', பேதுரு 'என்றான்'. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் பேதுருவும் 'என்றார்'. மலையாள வேதாகமத்தில் எல்லாருக்கும் 'பறஞ்ஞு' ஒன்றே. அம்மொழியின் வினைமுற்று பாலும் மரியாதையும் காட்டுவதில்லை. மூலக் கிரேக்க வினையும் காட்டுவதில்லை. அப்படியானால் மீனவரான பேதுருவுக்கு 'ஆன்' கொடுத்தது யார்? யோவான் 4-இன் சமாரியப் பெண்ணுக்கு 'ஆள்' கொடுத்தது யார்? சாதியும் வயதும் வினைமுற்றில் ஒலிக்கும் சமூகத்தில் வாழும் மாணவருக்கு இக்கேள்வியின் கூர்மை உடனே புரியும். மூன்று பிரதிகளையும் எழுத்துக்கூட்டியாவது வாசிக்கத் தெரிந்த எல்லையூர்ப் பிள்ளையால் இதைத் தானே கண்டுபிடிக்க முடியும். சென்னையிலோ கோட்டயத்திலோ ஒருமொழியில் மட்டும் வளரும் பிள்ளைக்கு இவ்வாய்ப்பு அரிது.

மேய்ப்பன் உவமையும் அவ்வாறே. பழைய மொழிபெயர்ப்பில் 'மேய்ப்பன்', திருவிவிலியத்தில் 'ஆயன்', மலையாளத்தில் 'இடயன்'. தமிழில் 'இடையன்' ஒரு சாதிப் பெயராகவும் வழங்குகிறது. 'ஆயர்' என்றதும் கத்தோலிக்கப் பிள்ளைக்கு மறைமாவட்டத் தலைவர் நினைவுக்கு வருவார். ஒரே ஆடுகளின் பின்னால் நடப்பவர் மூன்று சொற்களில் மூன்று ஆளாகிறார்.

நான்காம் வாரத்திற்கு அப்போஸ்தலர் 2. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்கள் ஒரே மொழிக்கு மாறவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டனர். இவ்வாரம் மாணவர்கள் ஒரு பணியோடு வர வேண்டும். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் முந்தைய மூன்று கதைகளுள் ஒன்றைச் சொல்லி, அவர் அதைத் தம் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்வதை எழுதிவர வேண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என எந்த எழுத்தில் எழுதினாலும் ஏற்கப்படும். அப்பேச்சில் கொங்குத் தமிழும் மலையாளமும் எப்படிக் கலந்திருக்கின்றனவோ அப்படியே வகுப்பில் ஒலிக்கட்டும்.

இத்திட்டத்திற்கு மறுப்பும் எழும். வேதபாடம் மொழிப்பாடமாகிவிடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தெரிந்தெடுத்த நான்கு பகுதிகளிலும் மொழி வெளியிலிருந்து ஒட்டப்பட்டதன்று. கதை திரும்புவதே அதில்தான். பேதுருவின் கலிலேயப் பேச்சு அவர் முற்றத்தில் ஒளிந்து நிற்பதை இயலாததாக்குகிறது. உயிருக்கு அஞ்சி உறவை மறுப்பது என்ன என்ற விசுவாசக் கேள்விக்கு மாணவர் அந்த வழியாகவே வந்து சேர்வார்.

ஆசிரியருக்கு இதற்குப் பெருஞ்செலவு இல்லை. இரு தமிழ்ப் பிரதிகளும் ஒரு மலையாளப் பிரதியும், நாற்பத்தைந்து நிமிடமும் போதும். வாசிப்புக்குப் பத்து நிமிடம், இருவர் இருவராகப் பேசக் கால் மணி நேரம், எஞ்சியது பொது விவாதத்திற்கு. ஆசிரியர் பேசும் நேரம் மாணவர் பேசும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இதுவே கடைப்பிடிக்கக் கடினமான பகுதி.

சிறுபான்மை மொழிகளின் நிலையை ஆராய்பவர்கள் பள்ளிப் பாடநூலையும் வீட்டுப் பேச்சையும் உற்றுப் பார்ப்பதுபோல, கோயில் வளாகத்தின் இந்த முக்கால் மணி நேரத்தையும் பார்க்கலாம். எல்லையோரத் தமிழ்ப் பிள்ளை தன் மொழியை வாசிக்கத் தொடர்கிறதா, கைவிடுகிறதா என்பதைப் பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குள் நடக்கும் வகுப்புகள் ஓரளவேனும் தீர்மானிக்கும். அவ்வகுப்பில் பிழையாக வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து முதலில் சிரிப்பவர் யார், அப்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது களக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பதிவாக வேண்டியது.