கடன் என்னும் சொல்

தமிழில் ‘கடன்’ என்பது கடமையையும் குறிக்கும். திருப்பித் தரவேண்டிய பணத்தையும் குறிக்கும். தில்லி முனீர்க்காவில் என்னோடு ஓராண்டு அறையில் தங்கியிருந்த நண்பர், வேலை கிடைத்து வேறூர் சென்றபோது மின்கட்டணம், எரிவாயு, இணையம் ஆகியவற்றில் தம் பங்கான 11,400 ரூபாயைத் தரவில்லை. எனக்கோ ஆய்வு உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை. அவருடைய ‘அடுத்த வாரம் தருவேன்’ என்னும் விடைக்கு இலக்கணத்தில் எதிர்காலம் உண்டு, நாட்காட்டியில் இல்லை.

ஆகவே மாதவாரியாகக் கணக்கெழுதி, நான் பணம் செலுத்திய சான்றுகளுடன் அனுப்பினேன். தொகை சரியென்று கையொப்பமிட்ட கடிதத்தின் படத்தை அனுப்பினார்; மூன்று தவணைக்கும் இசைந்தார். இத்தகைய பணத்துக்கு வழக்குத் தொடுக்க, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகளே தருகிறது. அதற்குள் கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால் அக்காலம் புதிதாகத் தொடங்கும். நீதிமன்றம் செல்ல எனக்கு எண்ணமில்லை. எனினும் எழுத்து இருவர் நினைவையும் நேர்செய்கிறது.

இரண்டு தவணைகள் வந்துவிட்டன. பணம் கேட்டால் நட்பு முறியும் என்பர். தொகையைச் சொல்லாமல் சாடையாகக் கேட்ட மாதங்களில்தான் எங்களுக்குள் பேச்சு அற்றிருந்தது. கணக்குத் தெளிந்தபின் அவரே அழைத்தார். தாயாரின் மருத்துவச் செலவைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். மூன்றாம் தவணைக்கு இன்னும் இரண்டு மாதம் சேர்த்து எழுதிக்கொண்டோம்.